கும்பிடு, குட்டு, இரவல்

மிஸ் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். இன்னார் இன்ன வருடம் இன்னதை எழுதினார் என்று கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, அதில்தான் முதலில் விரலை வைப்பார். பிறகு அந்தப் பெயர் கட்டுரையின் உள்ளே எந்த வரியில் வருகிறது என்று தேடிப் போவார். போன இடத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சொல் எழுதுவார். கும்பிடு. குட்டு. இரவல். அநேகமாக இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எப்போதாவது, மாதத்தில் ஒரு தரம் என்றுகூடச் சொல்ல முடியாது, நாலாவதாக ஒரு சொல் வரும்: வாசித்தவர். அதை எழுதும்போது மட்டும் எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

நான் அங்கே தட்டெழுத்துக்காரி. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய சின்னத் தண்ணீர் ஆய்வு நிலையம் அது. எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதிக் கொடுப்பதை நான் அடிப்பேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்துத் தெரியும், அடிப்பது என்னவென்று விளங்காது. ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். மெஷினுக்குப் பின்னால் இருந்தால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பதே அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

மிஸ் எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொழும்பிலிருந்து ஒரு சூட்கேசுடன் வந்தவர். வெளிநாட்டில் படித்தவர் என்றார்கள். அவர் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நூலகமும் தகவல் பகுதியும் அவருடைய பொறுப்பு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார், குடித்த கோப்பையை யன்னலில் மறந்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்பார்.

ஒருநாள் நிலையத்தை நடத்திய பணிப்பாளர் ஐயா ஒரு சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உதென்ன மிஸ், ஓரமெல்லாம் கும்பிடு எண்டு எழுதியிருக்கிறியள்?"

"பெரிய ஆள் எண்டு பேரைப் போட்டிருக்கினம் ஐயா. கோயிலைக் கடக்கேக்கை சைக்கிளிலை இருந்தபடியே கையெடுக்கிற மாதிரி. உள்ளுக்குப் போகேல்லை."

"அப்ப குட்டு?"

"பிழை எண்டு காட்டப் போட்ட பேர்."

"இரவல்?"

"தான் வாசியாமல், வேறை ஆரோ வாசிச்சு எழுதினதை அப்பிடியே எடுத்தது. இஞ்சை பாருங்கோ, முதல் ஆள் வருஷத்தைப் பிழையாய்ப் போட்டிட்டார். பின்னாலை வந்த அத்தினை பேரும் அதே பிழை வருஷம்தான் போட்டிருக்கினம். ஒருத்தரும் மூலத்தைத் திறக்கேல்லை."

ஐயா சிரித்துவிட்டார். "உங்களுக்குக் கலியாணப் பத்திரிகை கூடக் குடுக்கேலாது மிஸ். ஆர் ஆரைக் கும்பிட்டது எண்டு பென்சிலாலை எழுதிப்போடுவியள்."

"எழுதத்தானே வேணும் ஐயா. பேரை எண்ணினால் எல்லாம் ஒண்டுதான். என்னத்துக்குச் சொன்னவை எண்டு பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்."

'என்னத்துக்குச் சொன்னவை?' இதுதான் மிஸ்ஸின் கேள்வி. தேத்தண்ணிக் கடையிலும் கேட்பார், கோயில் வீதியிலும் கேட்பார். ஊரெல்லாம் கதைக்கினம் என்று யாராவது தொடங்கினால், "ஊரிலை ஆர்?" என்பார். தொடங்கினவருக்குக் கதை சொல்லும் ஆசையே போய்விடும்.

ஒருமுறை மத்தியானம் முகாமிலிருந்து ஆமி வெளிக்கிட்டுவிட்டது என்று றோட்டால் சனம் ஓடியது. நாங்களும் பையைத் தூக்கினோம். மிஸ் படலை வாசலில் போய் நின்று ஓடுகிறவர்களை மறித்து மறித்துக் கேட்டார்.

"கண்டனீங்களோ, கேட்டனீங்களோ?"

"கேட்டது."

"ஆரிட்டை?"

ஒருவர் மாமனைச் சொன்னார், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை, இன்னொருவர் சந்திப் பேக்கரிக்காரரை. மாமனும் பக்கத்து வீட்டுக்காரரும் பேக்கரிக்காரரிடம்தான் கேட்டிருந்தார்கள். "இவ்வளவு காலும் ஒரு வாயாலைதான் ஓடுது" என்று சொல்லிவிட்டு மிஸ் கதிரையில் வந்து இருந்துவிட்டார். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சில மாதம் கழித்து இன்னொரு நாள். றோட்டில் ஒரு சத்தமும் இல்லை. புல்லுக்கட்டோடு வந்த ஒரு மனுசி மட்டும் படலையில் நின்று, "மிஸ், பனங்காணிக்குள்ளாலை வாறாங்கள்" என்றாள்.

"கண்டனீங்களோ?"

"இந்த ரெண்டு கண்ணாலையும்."

மிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடினவர் அவர்தான். நாங்கள் ஒழுங்கை தாண்டும்போது பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. ஊரே சொன்னபோது அசையாமல் இருந்தவர் ஒரு மனுசியின் சொல்லுக்கு அப்படி ஓடியதை நினைக்க எனக்கு இப்போதும் மேல் சிலிர்க்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரண்டும் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் இருந்த காலத்தில், எங்கள் நிலையத்துக்கு ஒரு சோதனை வந்தது. காசு கொடுத்துவந்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று பணிப்பாளர் ஐயா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இஞ்சை மூண்டு வேலை நடக்குது. இனி ஒண்டைத்தான் வைச்சிருப்பினமாம். எந்த வேலையை மற்ற ஆராய்ச்சிக்காரர் கூடின தரம் எடுத்துச் சொல்லியிருக்கினமோ, அதுதான் முக்கியமான வேலையாம். எண்ணி வைக்கட்டாம்."

எண்ணுகிற பொறுப்பு மிஸ்ஸிடம் வந்தது.

மூன்றில் ஒன்று நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் எப்படி இருக்கிறது என்ற ஆராய்ச்சி. ஒரு பெரிய பேராசிரியர் தொடக்கியது. இன்னொன்று மழைக்கணக்கு. மூன்றாவது கிணற்றுச் சோதனை. அதைச் செய்தவரை நாங்கள் போத்தில் அண்ணை என்போம். சைக்கிள் கரியரில் எப்போதும் போத்தில்கள் கிலுங்கும். கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து சோதிப்பார். தோட்டத்துக்குப் போடும் உரமும் எருவும் கரைந்து கிணற்றுக்குள் இறங்கி ஒருவித உப்பாக நிற்கும். பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்கு உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், அந்த உப்புப் போகாது. இதைத்தான் அவர் கண்டுபிடித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். உப்புக் கூடின வீடுகளுக்கு இதையே தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டுகளை அடித்தவள் நான்.

மிஸ் நிலையத்தில் இருந்த சஞ்சிகை, அறிக்கை, பட்டதாரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாவற்றையும் எடுத்து வாரக்கணக்கில் எண்ணினார். முடிவு எல்லோரும் நினைத்ததுதான். சுண்ணாம்புக்கல் எங்கோ உயரத்தில் நின்றது. போத்தில் அண்ணையின் கட்டுரையை எடுத்துச் சொன்னவர் ஒரே ஒருவர். அதுவும் அவரேதான்.

"உங்களை நீங்களே கும்பிட்டிருக்கிறியள் தம்பி" என்றார் மிஸ்.

போத்தில் அண்ணை சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். "அப்ப பூட்ட வேண்டியதுதான். போத்திலுகளை நல்லெண்ணெய்க் கடைக்குக் குடுப்பம்." பிறகு மெதுவாக, "மிஸ், சுண்ணாம்புக்கல்லிலை பாதிக்கு மேலை கும்பிடுதானே. அதுகளைக் கழிச்சுவிட்டால் என்ன?" என்றார்.

"அவை எண்ணத்தானே கேட்டவை. எண்ணினது எண்ணினதுதான். அதோடை அது நல்ல வேலை தம்பி, கும்பிடத் தக்கதுதான்."

போத்தில் அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எப்படி வாய் வந்ததோ தெரியாது.

"மிஸ், உந்தப் பால்மாத் தண்ணிக் கதை எங்கடை பெரியப்பாவின்ரை கல்வெட்டிலை கிடக்கு."

மிஸ் எழும்பிவிட்டார்.

ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். முதலில் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வம்ச வரலாறு. கடைசியில் பக்கம் மிஞ்சினால் வீட்டுக்கு உதவுகிற ஏதாவது போடுவார்கள்: பாம்புக்கடிக்கு என்ன செய்வது, பிள்ளைக்கு நாள் பார்ப்பது எப்படி. பேப்பர் இல்லாத அந்த நாட்களிலும் கொப்பித் தாளில், கோடு போட்ட ஒற்றையில், கல்வெட்டு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மிஞ்சின பக்கத்தில் யாரோ போத்தில் அண்ணையின் துண்டைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் போட்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் வீட்டிலை கிடக்கிற கல்வெட்டுகளைக் கொண்டு வாங்கோ" என்றார் மிஸ்.

கொண்டு வந்து குவித்தோம். சாமி அறையிலும் அலுமாரியிலும் கிடந்தவை, திருநீறும் கற்பூரமும் மணந்தன. போத்தில் அண்ணை ஒவ்வொன்றாகத் திறந்து, "இதிலையும் கிடக்கு, இதிலையும் கிடக்கு" என்று குழந்தை மாதிரிக் கத்தினார். "எண்ணுங்கோ மிஸ்! சுண்ணாம்புக்கல்லை அடிச்சுப்போடலாம்!" எனக்கும் எண்ண வேண்டும் போலத்தான் இருந்தது. மிஸ் எண்ணவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஒரே துண்டைத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கிறார், இதில் என்ன இருக்கு என்று நினைத்தேன்.

ஒரு கல்வெட்டில் பென்சில் நின்றது.

"தம்பி, இதை ஒருக்கா வாசியுங்கோ."

போத்தில் அண்ணை சத்தமாக வாசித்தார். "குழந்தைகளின் பால்மாவுக்குத் தோட்டக் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்கவும்." அதற்குக் கீழே ஆராய்ச்சியாளர் கூற்று என்று அவருடைய பெயர். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். "நான் சொன்னதுக்கு நேர்மாறு மிஸ். என்ரை பேர் போட்டிருக்கு."

கல்வெட்டில் இருந்த விலாசம் மானிப்பாய்ப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி. மிஸ் சைக்கிளை எடுத்தார். வழி காட்ட நானும், போத்தில்களோடு அண்ணையும் போனோம்.

வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. கிணறு தோட்டத்துக்குள். இறந்தவரின் மனைவி வெளியில் வந்தார். பின்னால் மருமகள், தோளில் குழந்தை.

"பிள்ளைக்குப் பால்மாவோ?" மிஸ் சுற்றி வளைக்கவில்லை.

"ஓம் மிஸ், இவளுக்குப் பால் காணாது."

"தண்ணி?"

"இந்தக் கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம். முந்தி ஒருக்காக் கொதிக்க வைச்சது, இப்ப ரெண்டு தரம். எங்கடை இவரின்ரை கல்வெட்டிலையே போட்டிருக்கெல்லே."

மிஸ் கிட்டப்போய்க் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"குளிருக்கு அப்பிடி வரும் எண்டு மாமி சொன்னவ" என்றாள் மருமகள். அது வெய்யில் காலம்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய கார் அயலில் நின்றது. அதைத் தள்ளிக் கிளப்பித் தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போத்தில் அண்ணை கூடப் போனார், டாக்குத்தருக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல. கார் புகை கக்கிக்கொண்டு போனபிறகுதான் வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு வயதானவர் வந்தார். மாமியின் தமையனார், ஓய்வுபெற்ற தபாலதிபர். அந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் கல்வெட்டு எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

"நான்தான் திருத்தினனான்" என்றார். "வாந்திபேதி நேரம் எல்லா நோட்டீசிலையும் கொதிக்க வை, கொதிக்க வை எண்டுதான் போட்டவை. ஆஸ்பத்திரியிலையும் அதுதான், பள்ளிக்கூடத்திலையும் அதுதான். உங்கடை ஆள் ஒருத்தர் மட்டும் கொதிக்க வைச்சுப் பிரயோசனமில்லை எண்டுறார். இத்தினை பேர் சொல்லுறது சரியாயிருக்குமோ, ஒருத்தர் சொல்லுறது சரியாயிருக்குமோ? எழுத்தெண்ணிப் பழகின நான், பிழை விட்டிட்டார் எண்டு நினைச்சன்."

மிஸ் கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவர் அந்த மனுசனைக் கிணற்றுக் கட்டின்மேல் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார்.

"அவையும் சரி ஐயா, இவரும் சரி. அவை கிருமிக்குச் சொன்னவை. இவர் உரத்துக்குச் சொன்னவர். என்னத்துக்குச் சொன்னவை எண்டு ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லை."

"இப்ப நான் என்ன செய்ய? இதைப் பார்த்து எத்தினை பேர் போட்டினமோ."

"நீங்கள்தானே எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறனீங்கள். திருப்பி எழுதுங்கோ."

"சொல்லுங்கோ, எழுதிறன்."

"இல்லை ஐயா. நான் சொல்லுறதை அப்பிடியே போட்டால் அதுவும் இரவல்தான். அடுத்த ஆள் திருப்பியும் திருத்துவார். விளங்கினதை உங்கடை சொல்லிலை எழுதுங்கோ. அப்பதான் விளங்கிச்சுதோ எண்டு எனக்கும் தெரியும்."

தபாலதிபர் எழுதினார், மிஸ் வாசித்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று. திரும்ப எழுதினார். வெய்யில் இறங்கும்வரை இருவரும் கிணற்றுக் கட்டிலேயே இருந்தார்கள். வெளிநாட்டில் படித்த ஒருவர் ஒரு மனுசன் இரண்டு வரி எழுதுவதற்காக இவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கடைசியில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் பென்சிலை எடுத்து ஓரத்தில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்து.

குழந்தை பிழைத்தது. மருந்து ஏற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், உதடு சிவந்தது. அடுத்த நாள் போத்தில் அண்ணை வந்து சொன்னபோது மிஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யன்னலில் மூன்று தேத்தண்ணிக் கோப்பைகள் இருந்தன.

அதிகாரி வந்த அன்று குறிப்பெடுக்க நான் மூலையில் இருந்தேன். தமிழர்தான், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். மிஸ் எண்ணிய தாளைக் கொடுத்தார். ஒரு எண்ணும் மாற்றப்படவில்லை. அவர் பார்த்துவிட்டு, "அப்ப விஷயம் தெளிவுதானே" என்றார்.

மிஸ் இரண்டு கல்வெட்டுகளைக் கடைசிப் பக்கம் திறந்து அவருக்கு முன்னால் வைத்தார். ஒன்று எங்கள் பெரியப்பாவினுடையது, மற்றது அந்த வெங்காயத் தோட்டத்து வீட்டினுடையது.

"ரெண்டிலையும் ஒரே ஆளின்ரை பேர் இருக்கு ஐயா. ஒவ்வொண்டிலையும் ஒரு தரம். எண்ணினால் ரெண்டும் ஒண்டு ஒண்டுதான். வாசியுங்கோ."

அவர் வாசித்தார். இரண்டாவதை இன்னொரு தரம் வாசித்தார்.

"இதைப் பார்த்துச் செய்த வீட்டிலை பிள்ளை நீலமாய்ப்போச்சுது" என்றார் மிஸ். "போன கிழமை."

"அப்ப இதுகளையும் சேர்த்து எண்ணினால் கிணத்துச் சோதனைக்கு எண்ணிக்கை கூடும் எண்டு சொல்லுறியளோ?"

"இல்லை ஐயா. கூடி வாறது பிழையாயும் இருக்கலாம், சரியாயும் இருக்கலாம் எண்டு சொல்லுறன். அந்தத் தாளிலை எத்தினை தரம் எண்டுதான் இருக்கு. நிப்பாட்டினால் என்ன நடக்கும் எண்டு அதிலை இல்லை. அதைப் போய்த்தான் பார்க்கவேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்தக் கிணறு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். சைக்கிள் ஓடிக் கனகாலமாம். பணிப்பாளர் ஐயாவின் சைக்கிளில் இரண்டு முறை விழப் பார்த்து, மூன்றாம் முறை ஏறி, மிஸ்ஸுக்குப் பின்னால் போனார். ஒன்று என்றவர்கள் கடைசியில் சுண்ணாம்புக்கல்லோடு கிணற்றுச் சோதனையையும் விட்டுவைத்தார்கள். மழைக்கணக்கைத்தான் நிறுத்தினார்கள். அதற்கும் மிஸ் வருத்தப்பட்டார். அதையும் ஒருத்தரும் வாசியாமல்தான் நிறுத்தினவை என்று கொஞ்சநாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, ஊரோடு ஊராக நாங்களும் வெளிக்கிட்டோம். மழைக்குள் ஒரு பை, ஒரு சைக்கிள். நிலையம், போத்தில்கள், சஞ்சிகைகள், ஓரத்தில் பென்சிலால் எழுதின எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. மிஸ் எந்த வழியால் போனார் என்று தெரியவில்லை. வன்னிக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள், கப்பலில் போனதாகச் சிலர். கண்டனீங்களோ என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் கேட்டவர்கள்தான்.

தென்மராட்சியில் ஒரு வீட்டில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தோம். ஒரு காலைநேரம் கிணற்றடியில் நான் வாளியோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெண், குழந்தையோடு நின்ற இன்னொருத்தியை மறித்தாள்.

"பால்மாவுக்கோ? உந்தக் கிணத்திலை அள்ளாதை. தோட்டத்துக்குள்ளை கிடக்குது. அங்காலை கோயில் கிணத்திலை எடு."

"கொதிக்க வைச்சுத்தான் அக்கா குடுக்கிறனான்."

"கொதிக்க வைச்சாலும் எடாதை."

எனக்கு முன்பின் தெரியாத ஆட்கள். நான் தெரியாத ஆட்களோடு கதைக்கிறவள் இல்லை.

"அது என்னத்துக்கு அப்பிடி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கறி வத்தினால் என்ன செய்யும்? உப்புக் கரிக்குமெல்லே. அது போலைதான். கொதிக்கத் தண்ணி வத்தும், அதுக்குள்ளை இருக்கிற உரம் வத்துமோ? கிருமிக்கு எண்டால் கொதிக்க வை. உரத்துக்குக் கிணத்தை மாத்து."

"ஆர் சொன்னது?"

"ஆரோ. எங்கடை சித்தியின்ரை கல்வெட்டிலையோ என்னவோ பார்த்தது. ஏன், பிழையோ?"

"இல்லை" என்றேன். "சரி."

துண்டில் நான் அடித்த வசனத்தில் கறியும் இல்லை, உப்புக் கரிப்பதும் இல்லை. அந்தப் பெண் குழந்தைக்காரியின் வாளியை வாங்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். மிஸ்ஸின் அந்த நாலாவது சொல்லை எழுத என்னிடம் பென்சில் இருக்கவில்லை.